கீழ்ரூமுக்கு ஓதம் வந்த கதை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான்தான். சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது. என் தங்கை தப்பாகப் புரிந்துகொண்டாள், நான் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டே பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன். எழுதுவதிலும்தான், நீங்களே பார்க்கப்போகிறீர்கள்.

முதலில் இடம். எங்கள் வீட்டுக்கு அடியில், பாதி மண்ணுக்குள் இறங்கிய அறை ஒன்று உண்டு. ‘நிலவறை’ என்று எழுதினால் நீங்கள் புதையலை எதிர்பார்ப்பீர்கள். வீட்டில் அதற்குப் பெயர் கீழ்ரூம். புருஷனோடு ஒத்துவராமல் தங்கை தையல் மெஷினோடு வந்து நின்றபோது, கீழ்ரூம் உனக்குத்தான், மகாராணி மாதிரி இரு என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். மகாராணி வந்த மூன்றே மாதத்தில் சுவரில் உப்புப் பூத்தது.

2

தொடக்கம் ஒன்று: கீழ்ரூமில் முதலில் அழுதது சுவர்தான்.

(சுவர் அழாது. கோடு போட்டு அடித்தாயிற்று.)

தொடக்கம் இரண்டு: அந்த வருஷம் பேய்மழை பெய்து—

(பெய்யவில்லை. வழக்கமான மழைதான். நீங்கள் அங்கே நனைந்திருக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதினேன்.)

தொடக்கம் மூன்று: குழாய் எப்படியோ உடைந்து—

(இதை அடிக்க மட்டும் மனம் வரவில்லை. அந்த ‘எப்படியோ’வை நான்கு நாள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.)

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துக்காகத் தங்கை அறுபது வெள்ளைச் சட்டை தைத்து, மடித்து, சுவரோரம் அடுக்கிவைத்திருந்தாள். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாளில் பிரித்தால், முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. பூஞ்சணம். துவைத்துப் பார்த்தாள், போகவில்லை. பள்ளிக்கூடம் வேறு தையல்காரரைப் பிடித்துக்கொண்டது.

அவள் யார் மேலும் பழி போடவில்லை. தன் ஆவி இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். மூடிய அறைக்குள் நாள் பூராவும் புஸ்புஸ் என்று ஆவி விட்டால் சுவர் ஈரமாகாமல் என்ன செய்யும் என்று அவளே கேட்டாள், அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் இஸ்திரி மேசை பக்கவாட்டுச் சந்துக்குப் போனது. என் ஜன்னலுக்கு நேர் கீழே, வெயிலில் நின்று தேய்த்தாள். தூறல் போட்டால் துணியை அள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடுவாள். இப்படி எட்டு மாதம். ஓதம் மட்டும் குறையவில்லை. கடைசியில் இந்த ரூமும் வேண்டாம், இந்தத் தொழிலும் வேண்டாம் என்று வெளியூரில் ஒரு துணி ஆலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். வரும் திங்கட்கிழமை காலை வண்டி.

(இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருப்பாளா, நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். ஒரு வரைவில் அவளைச் சிடுமூஞ்சி ஆக்கினேன். எழுத ரொம்ப வசதியாக இருந்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.)

4

ரூமைச் சரிசெய்தால் போகமாட்டாள் என்ற கணக்கில், போன வாரம் ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். ஓதம் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். உள்பக்கம் பெயின்ட் அடித்தால் போதும் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. சுவரில் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது என்று போய்விட்டார். அறைக்குள் இருக்கும் ஆவிதான் காரணம் என்றால், தாளில் நம்மைப் பார்த்த பக்கம் வியர்க்கும். வெளிமண்ணிலிருந்து சுவர் வழியாக வந்தால், சுவரைப் பார்த்த பக்கம்.

செவ்வாய்க்கிழமை வந்தார். தங்கை ஏதோ துணி கொடுக்கப் போயிருந்தாள். தாளின் நம் பக்கம் காய்ந்து கிடந்தது. உரித்ததும் பின்பக்கத்துத் தண்ணீர் அவர் முழங்கை வரை வழிந்தது. இஸ்திரிப் பெட்டி நிரபராதி.

அப்புறம் வெளியே போய்ச் சுவரோரமாகக் குனிந்தபடி நடந்தார். மொட்டைமாடி மழைத்தண்ணீர் இறங்கும் இரும்புக் குழாய் முழங்கால் உயரத்தோடு முடிந்துவிட்டிருந்தது. அடியில் மண் பள்ளமாகிச் சேறாகக் கிடந்தது. குழாயின் விளிம்பைத் தடவினார்.

“இது உடையல சார். யாரோ அறுத்திருக்காங்க.”

அந்த யாரோ, உங்கள் ஆசிரியர். முன்பு அந்தக் குழாய் என் ஜன்னலுக்குக் கீழே வளைந்து தெருச் சாக்கடை வரை ஓடியது. மழை வந்தால் தடதடவென்று ஒரே சத்தம், ஒரு வரி எழுத முடியாது. தங்கை வருவதற்கு முந்தின வருஷம் ஆக்சா பிளேடு* வாங்கி நானே அறுத்து வீசினேன். நிம்மதியாக எழுதினேன். சட்டையில் புள்ளி வந்த அன்றே எனக்கு உறைத்துவிட்டது. அவள் இஸ்திரிப் பெட்டியைக் குற்றவாளி ஆக்கியபோது, அப்பாடா என்றிருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

(* என் மேசை இழுப்பறையில், பேனாக்களோடு இன்னும் கிடக்கிறது.)

குழாயை நீட்டிச் சாக்கடையில் விட வேண்டும், சுவரோர மண்ணை மேடுகட்டி வெளிப்பக்கம் சரித்துவிட வேண்டும், உள்ளே பூசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றார் மேஸ்திரி. திங்கள் காலை ஆளோடு வருவதாகச் சொன்னார். கிளம்பும்போது சந்தில் இருந்த இஸ்திரி மேசையைப் பார்த்தார்.

“தங்கச்சிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

நானே சொல்கிறேன் என்றேன். இன்று சனிக்கிழமை.

5

முடிவுக்குப் பஞ்சமில்லை. குழாயைச் சத்தமில்லாமல் மாட்டிவிடலாம்; சுவர் காய்ந்ததும், தான் வெளியே தேய்த்ததால்தான் சரியானது என்று அவள் சந்தோஷப்படுவாள். இதை நான் பிரமாதமாக எழுதுவேன். ஆனால் அவள் ஆயுசுக்கும் வெயிலில் நின்று தேய்ப்பாள். அல்லது, குழாயை அறுத்தது முன்பு குடியிருந்தவர். மனுஷன் செத்துப்போனார், வந்து மறுக்கமாட்டார். கேவலம், அரைப்பக்கத்தோடு விட்டேன். இன்னொன்றில் அண்ணன் கண்ணீர் விடுகிறான், தங்கை மன்னித்து, கட்டிய மூட்டையை அவிழ்க்கிறாள். இது அதைவிடக் கேவலம். மன்னிக்கச் சொல்லி அவளுக்கு உத்தரவு போட நான் யார்?

6

இதுவரை எழுதிய தாள்களோடு அன்று மத்தியானமே கீழே போனேன். மெஷினைத் துணிபோட்டுக் கட்டியிருந்தாள். யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கையில் கொடுத்துவிட்டு மாடிக்கு நழுவிவிடலாம் என்பது என் திட்டம்.

“கை வேலையா இருக்கு. நீயே படிண்ணா.”

படித்தேன். மகாராணிக்குச் சிரித்தாள். சிடுமூஞ்சிக்கு முறைத்தாள். குழாய் வந்ததும் என் குரல் இறங்கியது. சத்தமாகப் படி என்றாள். படித்தேன். பிளேடைத் தாண்டியதும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அடுத்த பகுதியைப் படிக்க விடவில்லை.

“எட்டு மாசமா உன் ஜன்னலுக்குக் கீழதான நின்னேன்? ஒரு நாள் தலைய நீட்டிச் சொல்லியிருக்கலாம்ல?”

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் அது நல்ல பதிலாகிவிடும், எனக்கு அந்தத் திறமை இருக்கிறது. திங்கட்கிழமை மேஸ்திரி வந்தபோது கீழ்ரூமில் யார் இருந்தார்கள் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கோரிக்கை மட்டும். அவளை மன்னிக்க வைக்கத் தோன்றினால், முதலில் சூடான இஸ்திரிப் பெட்டியோடு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்து எழுதுங்கள்.