மேடு இருந்த இடம்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எங்கள் தெருவின் கடைசி வீட்டுக் கொத்தனார் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து என் முன்னறையில் உட்கார்ந்தார். உட்காரும் முன் வழக்கம்போலச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, ஈரம் ஏறியிருக்கிறது என்றார். 

"சார், நீங்க கதை எழுதறவராச்சே. இதை எழுதிப் பாருங்க. நான் போய்ச் சொன்னா என்ன ஆகும், சொல்லாட்டி என்ன ஆகும், ரெண்டையும் எழுதுங்க. பாத்துட்டு நான் முடிவு பண்றேன்."

"கதையில நடக்கறது நிஜத்துல நடக்காதுங்க."

"பிளான்ல இருக்கறபடியேவா வீடு வருது? அதுக்காகப் பிளான் இல்லாம கட்டுவாங்களா?"

இவருக்குத் தெருவில் ரசமட்டம் என்று பெயர். தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு நீர்க்குமிழியும் இருக்கும் கருவி, அது எப்போதும் இவர் கையில் இருக்கும். தேநீர் கொடுத்தால், தம்ளரை வாங்கும் முன் அதை மேசையில் வைத்துப் பார்த்து, "ரெண்டு நூல் சாய்வு, கால் அங்குலம்" என்பார். கிண்டலுக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸை விசாரிக்கப் போகிறார்கள். அவள் திரும்ப வேலைக்கு வரலாமா கூடாதா என்பது அங்கே தீர்ந்துவிடும். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரு வார்த்தை ரசமட்டத்தின் வாயில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமா என்பதற்குத்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய அதிகாலையில் அந்தத் தெருவுக்குள் ஒரு ஸ்கூட்டர் நுழைந்தது."

(அடித்துவிட்டேன். அன்று பனி இல்லை. பனியைக் கொண்டுவந்தால் பழி அதன் தலையில் போய் விழும்.)

இரண்டாம் தொடக்கம்: "அந்தத் தெருவில் இருந்த பதினோரு வீட்டுக்காரர்களும் நல்லவர்கள்தான், ஆனால்"

(ஆனாலுக்குப் பிறகு கை ஓடவில்லை.)

ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். எங்கள் தெரு பெரிய சாலைக்கும் சரக்குக் கிடங்குக்கும் நடுவில் குறுக்கு வழி. சாமான் கொண்டுபோகிற வண்டிகள் விட்டெறிந்த கல் மாதிரி போகும். வேகத்தடை கேட்டு ஆறு வருஷம் மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் பேத்தியை ஒரு வேன் மயிரிழையில் இடிக்காமல் போனது. மறுநாள் ஞாயிறு மத்தியானம் டிரைவர் வீட்டு முன்னறையில் பதினோரு வீடும் கூடியது. நாமே போட்டுவிடுவது என்று முடிவானது.

ரசமட்டத்தையும் கூப்பிட்டார்கள். பக்கத்துத் தெருவில் அன்றைக்கு அவர் தளம் போட்டிருந்தார். குழைத்த கான்கிரீட் மிஞ்சியிருந்தது.

"ரெண்டு பக்கமும் நல்லாச் சரிவு கொடுக்கணும். நாலு விரல் உயரம் போதும். வெள்ளைக் கோடு அடிக்காம வண்டி விடக் கூடாது" என்றார்.

"நாலு விரலா? அது எறும்புக்குப் போடற தடை" என்றார் டிரைவர். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன். இடுப்பு வலிச்சாத்தான் கால் பிரேக்குக்குப் போகும்."

எல்லோரும் சிரித்தோம். யாரோ ஒருவர், "ஒரு சாண் வைங்க" என்றார்.*

ஒரு சாண் என்று முடிவானது.

* இந்த 'யாரோ'வைப் படித்துக் காட்டியபோது ரசமட்டம் நிமிர்ந்து பார்த்தார். "யாரோவா?" என்று மட்டும் கேட்டார். சரி. நான்தான்.

3

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் தருகிற ஆள் ரசமட்டம்தான். வேலை தெரிந்த ஒருவர் தெரிந்தே தப்பாகக் கட்டுவாரா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போவது எல்லா வேலையிலும் உண்டு. ஆனால் குரங்கு என்று தெரிந்தே பிடித்தது எப்படி?

என் அப்பா சாந்துச் சட்டி சுமந்தவர். அம்மா மணல் சலித்தவள். வேலை கொடுத்தவன் கோணலாகக் கட்டச் சொன்னாலும், "சரிங்க" என்று கோணலாகவே கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து திட்டுகிற ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் அன்று ரசமட்டம் கூலிக்கு வந்தவர் இல்லை. பதினோரு வீட்டில் ஒரு வீட்டுக்காரர். அதனால் இப்படி எழுதினேன்: "வேலை நடக்கிற வீடுகளில் வாசற்படியோடு நிற்கிறவருக்கு அன்று நடுக்கூடத்தில் நாற்காலி போட்டார்கள். அந்த மரியாதை அவர் வாயைக் கட்டிப் போட்டது."

எனக்கு இந்த வரிகள் பிடித்திருந்தன. திங்கட்கிழமை படித்துக் காட்டினேன்.

"நாற்காலியும் இல்ல, கீற்காலியும் இல்ல சார்" என்றார். "குழைச்சது இறுகிட்டிருந்துச்சு. நீங்க எல்லாம் பேசிட்டே இருக்கீங்க. இன்னும் அரை மணி போனா கல்லாப் போயிரும், எதுக்கும் ஆகாது. கொட்டிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சரக்கு வீணாப் போகுதேன்னு இருந்துச்சு. அந்த ஒரு நெனப்புதான்."

(நாற்காலி வரிகளை அடிக்காமல் விட்டிருக்கிறேன். எழுதுகிறவன் எவ்வளவு சுலபமாக அழகாகப் பொய் சொல்லுவான் என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

4

ஞாயிறு மாலை மேடு தயாரானது. புதுக் கான்கிரீட் காயாமல் இருக்க மேலே ஈரச் சாக்குப் போட்டார் ரசமட்டம். வெள்ளைக் கோடு மறுநாள் அடிப்பதாக இருந்தது. குறுக்கே நாலு கல்லாவது வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சாக்கு நனைந்து தார் நிறத்துக்கு வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்தரை. சாக்குக்குத் தண்ணீர் விட ரசமட்டம் வாளியோடு வந்துகொண்டிருந்தார். அடுத்த தெரு நர்ஸ் முதல் ஷிப்டுக்கு ஸ்கூட்டரில் வந்தாள். ஒன்பது வருஷமாக அவள் போய்வருகிற வழி. கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சொல்லுகிற மாதிரியான வழி. வண்டி எகிறியது. அவள் எங்கள் வீட்டுக் கேட்டில் தலை மோதி விழுந்தாள்.

ரசமட்டம் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். அவள் சாக்கைப் பார்த்தாள், உருண்டு கிடந்த வாளியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நினைவு போய்விட்டது. நானும் டிரைவரும் காரில் ஏற்றிக் கொண்டுபோனோம். திரும்பி வருகிற வழியில் டிரைவர் சொன்னார்:

"போலீஸ் வருங்க. அனுமதி இல்லாம ரோட்டுல கட்டியிருக்கோம். பதினோரு வீட்டுக்கும் கைவிலங்கு இருக்கு."

ஒன்பது மணிக்குக் கடப்பாரை வந்தது. இடித்தவரும் ரசமட்டம்தான். ஒரு ராத்திரி வயசுக் கான்கிரீட், இன்னும் முழுசாக இறுகாத பச்சை. அரை மணியில் உதிர்ந்துவிட்டது. நாங்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றினோம். சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான் சாந்துச் சட்டி பிடித்தேன். இடிபாடு என் கேட்டுக்கு முன்னால் இருந்த பள்ளத்துக்குப் போனது. பத்தரைக்குத் தெரு கூட்டிக் கழுவியாகிவிட்டது. ரசமட்டம் கை வழக்கத்தில் தன் கருவியை எடுத்து ரோட்டில் வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. அதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் என் வீட்டு ஓரமாக வாந்தி எடுத்தார்.

மத்தியானம் போலீஸ் வந்து வீடு வீடாகக் கேட்டது. பதினோரு வீடும் ஒரே மாதிரி சொன்னது: "ஒண்ணும் இல்லைங்க. வண்டி சறுக்கியிருக்கும்."

5

அவள் பிழைத்தாள். மூன்று மாதத்தில் நடந்தாள், பேசினாள், வேலைக்குப் போகிறேன் என்றாள். எப்படி விழுந்தாய் என்று டாக்டர்கள் கேட்டபோது சரியாகச் சொன்னாள்: ரோட்டில் மேடு, மேலே ஈரச் சாக்கு, வாளியோடு ஒரு ஆள். போலீஸ் எழுதி வைத்ததில் மேடும் இல்லை, சாக்கும் இல்லை, ஆளும் இல்லை. ஆக, தலையில் அடிபட்டதில் இல்லாததெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது என்று டாக்டர்கள் எண்ணினார்கள். அப்படிப்பட்டவள் கையில் நோயாளிக்குப் போடுகிற ஊசியை எப்படிக் கொடுப்பது? அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

அவளுடைய அண்ணன் எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். சண்டைக்கு வரவில்லை.

"கேஸெல்லாம் போட மாட்டோம்ங்க. ஒரே ஒருத்தர், ஆமா இருந்துச்சுன்னு சொன்னாப் போதும். தங்கச்சி ராத்திரி தூங்க மாட்டேங்குது. எனக்குப் பைத்தியமாண்ணேன்னு கேக்குது."

என் வாசலிலும் நின்றான். அந்தப் பள்ளத்தை நிரப்பிய இடத்தில்தான் நின்றான். தெரியாது என்றேன்.

ரசமட்டம் வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்தாள். "அவரு வேலைக்குப் போயிருக்காருங்க." அவர் அடுக்களையில் நின்றிருந்தார். அண்ணன் போன பிறகு அவள் உள்ளே வந்து, "வேலைக்குப் போனவருக்கு எதுக்குச் சோறு?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக் கழுவினாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது என்றார்.

6

செவ்வாய்க்கிழமை கதைக்கு எழுதிய மூன்று முடிவுகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவியும் எதிரில் உட்கார்ந்தாள்.

முதல் முடிவு: ரசமட்டம் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறார். நர்ஸ் அவர் முகத்தை அடையாளம் கண்டு அழுகிறாள். அறையில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.

"எழுந்து நிக்கட்டும், நல்லது" என்றார். "அப்புறம் என்னை எப்பப் பிடிச்சிட்டுப் போறாங்க? அதை எழுதலையே."

"பிடிச்சிட்டுப் போகாட்டியும் யாரு இவரை வேலைக்குக் கூப்பிடுவா?" என்றாள் மனைவி. "ஆளைக் கவுத்த கொத்தன்னு ஊரெல்லாம் பேசும். டிரைவர் வீட்டுல நமக்குப் பச்சைத்தண்ணி கிடைக்காது."

"அப்ப போக வேண்டாங்கறியா?"

"நான் எங்க சொன்னேன்? எழுதறதுன்னா முழுசா எழுதச் சொல்றேன்."

இரண்டாம் முடிவு: ரசமட்டம் போகவில்லை. நர்ஸுக்கு ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் வேலை தருகிறார்கள். படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். நோயாளி யாரையும் தொடுவதில்லை. ஒரு வருஷம் போனதும், மேடு இருந்திருக்காது என்று அவளே சொல்லத் தொடங்குகிறாள்.

ரசமட்டம் வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவே நம்பிருமா சார்?"

"நம்பலாம். பதினோரு வீடு சொல்லுதே."

"அந்தப் பொண்ணு தலையை நான் இந்தக் கையில..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நானும் அதை முடித்து எழுதவில்லை.

மூன்றாம் முடிவு: பதினோரு வீட்டுக்காரர்களும் ஒன்றாகக் கிளம்பிப் போகிறார்கள்.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது நல்லாருக்கு சார். இதைத்தான் கதைன்னு சொல்லணும்."

ரசமட்டம் சிரிக்கவில்லை. முதல் இரண்டு தாள்களையும் எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். விரலை வைத்து வரி வரியாகப் போனார். கீழே வந்ததும் கேட்டார்.

"நீங்க எங்க சார் இதுல?"

"நானா? நான் சொல்றவன்."

"அதுதான் கேக்கறேன். ஒண்ணுல நான் மட்டும் போறேன். ரெண்டுல நான் மட்டும் போகாம இருக்கேன். மூணாவதுல கூட்டத்தோட கூட்டமா ஒளிஞ்சுக்கிட்டீங்க. ஒரு சாண்ணு சொன்ன ஆளு எங்க? கேட் யாரோடது? ரொப்பின பள்ளம் யாரோடது?"

குரலை உயர்த்தவில்லை. தப்பாக வைத்த செங்கல்லைக் காட்டுகிற மாதிரிதான் காட்டினார். தாள்களை மடித்துக் கொடுத்தார்.

"இது நிக்காது சார். அஸ்திவாரத்துல ஆள் குறையுது."

7

நான்காவது முடிவை எழுதப் புதன்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். நான் போவதாக எழுதினேன். படிக்கும்போது என்னை நானே மெச்சிக்கொள்வதுபோல் இருந்தது. போகவில்லை என்று எழுதினேன். அதை மிக உருக்கமாக எழுதிவிட்டிருந்தேன், குற்றத்தை ஒத்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது என்கிற மாதிரி. இரண்டையும் கிழித்தேன். உண்மையைச் சொன்னால், நான் ஒரு

(வேண்டாம்.)

இன்று வியாழன். எட்டரைக்கு ரசமட்டம் குளித்துச் சட்டை மாற்றி அவர் வாசலில் நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் மனைவி வெளியே வந்து கதவைப் பூட்டினாள். அவளும் கிளம்பியிருக்கிறாள். எந்தப் பக்கம் போவார்கள் என்று பார்த்தேன். இடது பக்கம் போனால் ஆஸ்பத்திரி பஸ். வலது பக்கம் என்றால் வேலை நடக்கிற வீடு. இருவரும் நேராக என் கேட்டுக்கு வந்தார்கள்.

"எழுதி முடிச்சாச்சா சார்?" என்று கேட்டது அவள்தான்.

"இன்னும் இல்லம்மா."

"மெதுவா எழுதுங்க. ஒம்போதே காலுக்குப் பஸ்."

 அவர் கேட்டுக்கு வெளியே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்காக நிற்கிறாரா, நான் வராவிட்டால் தானும் போக வேண்டாம் என்று நிற்கிறாரா, தெரியவில்லை. தெரிந்துகொள்ள இங்கிருந்து வழியும் இல்லை. எழுந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு மேல் ஒரு வரி வந்தால், நான் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் போய்விட்டேன் என்று நம்பவும் வேண்டாம். பயந்தவனும் பேனாவை மூடுவான். எது என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பெண் பத்து மணிக்குக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே எத்தனை பேர் வந்தார்கள் என்று நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். மணி ஒன்பது ஐந்து. வெளியே ரசமட்டம் என்னைப் பார்த்து