முப்பத்தாறு இடங்களில் சரி

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேசைக்காரர் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு சன்னலோரம் மாறிப் போய்விட்டார். அப்படிப்பட்டவள் ஒரே ஆராய்ச்சியில் ஆறரை வருடம் உட்கார்ந்திருந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். என் மகளுக்கும் என் ஆராய்ச்சிக்கும் ஒரே வயது. அவள் ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டாள், நான் எதையும் முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை கெடு நீட்டி வாங்கியாயிற்று, இனிமேல் தவறினால் பதிவே ரத்து. கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து அவர் போய் ஒரு மாதமாகிறது. வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. டம்ளரைத் தேடினால் புத்தகப் பெட்டியில் கிடைக்கும். தினமும் போனில் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"முடிஞ்சுதா?"

"முடியப் போகுது."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

என் வேலை இதுதான். ஒரு கோட்டை வரைந்து கொடுத்தால், அந்தக் கோட்டின் வழியே போய்வரும் இயந்திரக் கையைக் கணினியே வடிவமைத்துத் தரும். எத்தனை கம்பி, எவ்வளவு நீளம், எங்கே மூட்டு, எல்லாம் அதுவே சொல்லும். பல லட்சம் வடிவங்களைக் காட்டிக் காட்டி நான் பழக்கிய செயற்கை நுண்ணறிவு அது. ஐந்தாம் அத்தியாயத்தில் அது போட்ட ஆயிரத்து இருநூறு வடிவங்கள் இருந்தன. ஒன்றையாவது நிஜமாகச் செய்து காட்டு என்று நெறியாளர் சொன்னதால், கையில் வலு இல்லாதவர்களுக்கு ஊட்டிவிடும் கரண்டிக் கையைத் தேர்ந்தெடுத்தேன். அடியிலுள்ள சக்கரத்தை மோட்டார் ஒரு சுற்று சுற்றினால், கரண்டி தட்டிலிருந்து எழுந்து, சாயாமல் வாய்வரை வந்து, திரும்பிப் போகும். திரையில் அவ்வளவு அழகாகப் போய்வந்தது. என் மகள் திரைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து காட்டுவாள்.

அதைப் பித்தளையில் செய்துகொடுத்தவர் எங்கள் துறைப் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுபவர். அவரை எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கின் பெயர் அது. மயிரிழை பிசகினாலும் பொருளைப் பட்டறைக்கு வெளியே விடமாட்டார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் நான் அவரை 'அண்ணா' என்பேன், பட்டம் வாங்காத என்னை அவர் 'டாக்டரம்மா' என்பார். இரண்டுமே பொய், இரண்டுமே மரியாதை.

திங்கட்கிழமை அவர் கரண்டிக் கையை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு இடத்துல மாட்டி மாட்டி, டக்குன்னு தாண்டுது டாக்டரம்மா. நான்தான் எங்கேயோ துளையைத் தள்ளிப் போட்டுட்டேன் போல."

"பரவாயில்ல அண்ணா. இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். படத்தை எடுத்து ஒரு பார்வை பார்க்கக்கூட இல்லை. கணினி போட்டது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்று நினைத்தாலும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

நெறியாளர் நல்லவர்தான், ஆனால் எந்தப் பேச்சையும் செருப்பு மாட்டிக்கொண்டே முடிக்கிற ரகம். செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் அவரைப் பிடித்து, கரண்டிக் கை மாட்டுவதைச் சொன்னேன்.

"இதுக்காகவா நிக்கிற? 'தயாரிப்புப் பிழை காரணமாக மாதிரி சீராக இயங்கவில்லை'ன்னு ஒரு வரி போடு. யார் கேக்கப் போறா?"

"அவர் ரெண்டாவது தடவை பண்ணிட்டிருக்கார் சார்."

"பண்ணட்டும். நீ பிரிண்ட் எடு."

போட்டேன். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. மூன்று பிரதி அச்செடுத்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அன்று சாயங்காலம் மகளுடைய சட்டைகளைப் பெட்டியில் அடுக்கும்போது பாட்டுக்கூட வந்தது.

புதன்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். நன்றிப் பக்கத்தில் தன் பெயர் இருக்கிறது என்று மைக்ரான் கேள்விப்பட்டிருந்தார். அதைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்ப வேண்டுமாம். நான் பெருமையாக ஒரு பிரதியை நீட்டினேன். அவர் கையைத் துணியில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கினார். பெயரைப் பார்த்தார், சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். தான் செய்த பொருளின் படம் எங்கே என்று புரட்டிக்கொண்டே போனார். நூற்று நாற்பத்திரண்டு எனக்கு நினைவு வந்தபோது அவர் அங்கே நின்றுவிட்டிருந்தார்.

"தயாரிப்புப் பிழைன்னா, என் வேலைதானே?"

நான் பிரதியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க," என்றார். "மூணாவதும் பண்ணிட்டேன். அதான் எனக்குப் புரியல. முதல்ல பண்ணது மூட்டு கொஞ்சம் லூசு, டக்குன்னு தாண்டிடுச்சு. ரெண்டாவதை இறுக்கிப் பண்ணேன், கையால தள்ளினாத்தான் போச்சு. இப்ப ஒரு குறை சொல்ல முடியாது, அப்படிப் பண்ணியிருக்கேன். அந்த இடத்துக்கு வந்தா அசையவே மாட்டேங்குது. நான் சரியாப் பண்ணப் பண்ண இது மாட்டுது. பன்னிரண்டு வருஷமா இதே வேலை. கை போயிடுச்சோன்னு பயமா இருக்கு."

சரியாகச் செய்யச் செய்ய மாட்டுகிறது. அப்படியென்றால் தப்பு அவர் கையில் இல்லை.

"எந்த இடத்துல அண்ணா நிக்குது?"

சக்கரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். முன்னால் சுற்றினால் நிற்கும் இருநூற்றுப் பதின்மூன்று டிகிரியில் ஒரு கோடு, பின்னால் சுற்றினால் நிற்கும் இருநூற்றுப் பதினேழில் ஒரு கோடு. மூன்று சக்கரத்திலும் அதே இடம். நான் என் மேசைக்கு ஓடினேன்.

ஆராய்ச்சியின் முதல் வருடம் மகள் கைக்குழந்தை. கொடுத்திருந்த கணினியோ ஆமை. ஒரு வடிவம் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க, சக்கரத்தைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி முப்பத்தாறு இடங்களில் சோதித்தால் போதும், பிறகு முந்நூற்று அறுபதாக மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தேன். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. திரையில் ஓடிய படமும் அதே முப்பத்தாறு இடங்களைத்தான் வரைந்து, நடுவில் கோடு போட்டு ஒட்டியது. நான் பழக்கிய பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. அம்மா எங்கே பார்க்கமாட்டாள் என்று தெரிந்துகொண்டு, குறையையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டது. இருநூற்றுப் பத்தில் சரி, இருநூற்று இருபதில் சரி. நடுவில் கம்பிகள் ஒன்றையொன்று எட்டவில்லை. முதல் கரண்டி தாண்டியதற்குக் காரணம் மூட்டில் இருந்த லூசு மட்டும்தான். அந்தக் குதிப்பில் ஒருவருடைய பல் போயிருக்கும்.

முப்பத்தாறை முந்நூற்று அறுபதாக்கி எல்லா வடிவங்களையும் திரும்பச் சோதிக்கவிட்டேன். நாலு மணி நேரம் ஓடியது. நான் தாழ்வாரத்தில் நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி நடந்தேன், பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது விடை வந்தது. ஆயிரத்து இருநூறில் நானூற்று முப்பத்தொன்று சுற்றாது.

"அம்மா, கரண்டி இனிமே வராதா?"

"வராது."

"அப்ப நான் வாயை மூடிக்கட்டுமா?"

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். கணவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த வரியை அப்படியே விட்டால் வெள்ளிக்கிழமையோடு எல்லாம் முடியும், உண்மையை எழுதினால் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பலாம், இன்னும் ஒரு வருடம்கூட ஆகலாம் என்றேன்.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சேம்மா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. பழியைத் தலையில் வாங்கிக்கொண்டவரே அது சரி என்கிறார். வியாழக்கிழமை முழுக்க வீட்டில் ஒரு பெட்டியைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தேன். பட்டறைப் பக்கம் போகவில்லை. போனால் அவர் நாலாவதைச் செய்துகொண்டிருப்பார் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, இரவில் திருத்தி எழுதிய புதிய பக்கங்களோடு நெறியாளரின் அறைக்குப் போனேன். அவர் படித்தார். அன்றைக்கு மட்டும் செருப்பை மாட்டவில்லை.

"ஐந்தாம் அத்தியாயமே போச்சுன்னு நீயே எழுதியிருக்க."

"போகல சார். எழுநூத்தி அறுபத்தொன்பது சுத்துது."

"மத்ததைப் பத்தித்தான் கேப்பாங்க. ஒரு வருஷம் இழுக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு சொல்ல முடியாது சார். ஆனா அந்த வரி பொய்."

என் கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு பேனாவைத் தேடினார்.

"பக்கத்தை மாத்தினா கையெழுத்தும் புதுசா வேணும். கொடு."

நாலு நாற்பதுக்கு அலுவலகத்தில் முத்திரை விழுந்தது. என் பிரதியை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன். நினைத்தபடியே நாலாவது கரண்டிக் கை பாதி முடிந்து மெஷினில் இருந்தது. நான் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் உதடசைய வாசித்தார். 'மூன்று மாதிரிகளின் தயாரிப்பிலும் பிழை இல்லை. வடிவமைப்பே தவறு. அதைத் தவறாகச் சோதித்தது நான்.'

முப்பத்தாறு இடங்களின் கதையை வாயாலும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"புதன்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ரெண்டு நாள் நான் சாப்பிடல."

"பயமா இருந்துது அண்ணா. மன்னிச்சிடுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. திரும்ப ஒரு முறை வாசித்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"உங்க பேர் முன்னாடி பக்கத்துல இருக்கு அண்ணா," என்றேன்.

"தெரியும்."

அவர் முன்னால் புரட்டவில்லை. விளக்குக்குக் கீழே நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தை மட்டமாக வைத்து, அதை இரண்டு படம் எடுத்தார்.