செங்கல்லுக்கு அங்கால்

தவராசாவைக் குளிப்பாட்ட வந்த ஆண்களின் கைகளில் விமலேஸ்வரி ஆளுக்கு இரண்டு சொப்பிங் பையைத் திணித்தாள். மணிக்கட்டோடு இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் புருசனைத் தொடவேண்டும் என்றாள். ஈழை இழுப்பு வருத்தத்தில் செத்த மனுசனுக்கு இதென்ன புதினம் என்று ஒருவர் முணுமுணுத்தபடி கட்டினார். பக்கத்துக் காணி வீரையா மட்டும் கட்டவில்லை.

"முப்பது வருசம் ஒண்ணா வயல் செஞ்சிருக்கோம் தங்கச்சி. பையக் கட்டிக்கிட்டா தொடச் சொல்றீங்க?"

அவரைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"ஈழை இல்லை அண்ணை. நெஞ்சில கான்சர். உள்ளுக்குக் கறண்ட் வைச்சவை. அது இன்னும் ஆளுக்குள்ள கிடக்குது."

ஊருக்கு ஈழை என்று சொன்னது அவள்தான். மகள் தேனுகாவுக்கு இது ஏழாம் மாதம். மருமகன் கட்டாரில். பரம்பரை வருத்தம் என்று மாமி வீட்டார் கதைத்தால் பிள்ளையின் சீவியம் என்னாவது என்று பயந்தாள்.

கதிர்வீச்சு வைத்தியத்தைத்தான் சனம் கறண்ட் என்கிறது. தெற்கே பெரியாஸ்பத்திரியில் மூன்று தரம் அது நடந்தது. மூக்கு வழியாக மெல்லிய குழாயொன்றை நெஞ்சுக்குள் இறக்கினார்கள். பிறகு டொக்டர், நேர்ஸ் எல்லாரும் வெளியே வந்து கனத்த கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவர் தனியே. வைத்தியம் செய்கிறவர்களே விலகி வருகிற சாமான் லேசானதாக இருக்குமா? அவளுக்குச் சிங்களம் தெரியாது. கடைசி நாள் ஒரு கடுதாசி கொடுத்தார்கள். தமிழில் உள்ளது முடிந்துபோயிற்றாம். சிங்கள எழுத்து, நடுவில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தியின் படம். பிள்ளைத்தாச்சி கிட்டப் போகக்கூடாது என்று விளங்கிக்கொள்ள அந்தப் படமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஊருக்கு, ஜெயபுரத்துக்கு, திரும்பி வந்த அன்றே நெல்மூடைகளை எடுத்துவிட்டுக் கொட்டிலில் அவருக்குக் கட்டில் போட்டாள். முற்றத்துக்குக் குறுக்கே செங்கல் வரிசையொன்று வைத்தாள். அவர் அங்கால், தேனுகா இங்கால். நாலு மாதம் ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு தகப்பனும் மகளும் போனில் கதைத்தார்கள்.

"பேரப்பிள்ளையை எத்தினை முழம் தள்ளி வைச்சுக் காட்டுவியள்?" என்று ஒருநாள் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்க வெகுநேரம் சென்றது.

கொட்டிலோடு ஒரு கொய்யா நின்றது. பழுத்ததைப் பறித்துக் கழுவி, விடியவே செங்கல்லின் மேல் வைப்பார். விமலேஸ்வரி அதை எடுத்து வாய்க்காலில் எறிவாள். தேனுகா யன்னலில் நின்று பார்ப்பாள். அவரும் கட்டிலில் இருந்து பார்ப்பார். அடுத்தநாளும் வைப்பார்.

வீரையா இளந்தாரியாக இருந்தபோது குருநாகலில் பேக்கரியில் வேலை செய்தவர், சிங்களம் வாசிப்பார். இப்போது கொட்டிலுக்குப் பின்னால் அவள் கொண்டுவந்து கொடுத்த கடுதாசியை இரண்டு தரம் வாசித்தார்.

"இதுல அப்படி இல்லியேம்மா."

"வடிவாப் பாருங்கோ."

"கம்பி மாதிரி ஒண்ண உள்ள விடுவாங்களாம். கொஞ்ச நிமிசத்துல வெளிய எடுத்துருவாங்களாம். அதுக்கப்புறம் உடம்புல ஒண்ணும் தங்காதாம். வீட்டுக்குப் போனா..." நிறுத்தினார்.

"சொல்லுங்கோ."

"பிள்ளைத்தாச்சிங்க பக்கத்துல இருக்கலாமாம். பிள்ளைகளத் தூக்கி வச்சுக்கலாமாம்."

படத்தை அவள் இப்போதுதான் வடிவாகப் பார்த்தாள். கதிரையில் ஒருவர், மடியில் குழந்தை, அவர் தோளில் கை வைத்தபடி அந்த வயிற்றுப் பிள்ளைக்காரி. மேலே குறுக்குக் கோடு ஒன்றும் இல்லை.

ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டாள். வீரையா கடுதாசியை மடித்து அவள் கையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு குளிப்பாட்டப் போனார்.

பிள்ளைத்தாச்சி செத்தவரைப் பார்க்கக்கூடாது என்று பெண்கள் தேனுகாவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். விமலேஸ்வரியின் போன் அடித்தது. அறைக்குள் இருந்து மகள்தான்.

"அம்மா, சனம் சொல்லுறதுக்கு நான் பயப்பிடேல்லை. ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. செத்தாப் பிறகும் அப்பாவில கறண்ட் இருக்குமோ? இல்லையெண்டா வந்து ஒருக்கா அவரின்ரை காலைத் தொடப்போறன்."

இல்லை என்று சொன்னால் இப்போது காலைத் தொடுவாள். தொட்டுவிட்டு அந்த நாலு மாதத்துக்குக் கணக்குக் கேட்பாள்.

"இருக்கும் பிள்ளை," என்றாள் விமலேஸ்வரி. "வராதை."

தேனுகா போனை வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் வாசல் படலையோடு நின்றார்கள். பறைச் சத்தம் வயல் கடந்து தேய்ந்த பிறகு அவள் திரும்பி வந்தாள்.

செங்கல்லின் மேல் இரண்டு கொய்யாப்பழம் இருந்தது. நேற்று விடிய வைத்தது. எப்படி எழும்பி வந்தாரோ. அதற்குப் பிறகு அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கிய பதகளிப்பில் அவள் எறிய மறந்திருந்தாள். ஒன்றை அணில் கடித்திருந்தது. மற்றது முழுசாக, மஞ்சளாக, வாசத்தோடு.

யன்னலில் தேனுகா நின்றாள்.

விமலேஸ்வரி பழங்களை விரல் நுனியால் தூக்கிக்கொண்டு வாய்க்காலடிக்குப் போய், எப்போதும் எறிகிற இடத்தில் எறிந்தாள். பிறகு கிணற்றடியில், யன்னலுக்குத் தெரியும்படி நின்று, சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள்.