மந்தைவெளி வகிடு

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய். குழந்தைக்கு நேற்று இடப்பக்க வகிடு என்று எழுதியது தவறு; அது வலப்பக்கம். எதிரிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து எழுதியதால் வந்த பிழை. அதை நம்பி இரண்டு ஆட்டோக்களும் ஒரு சமையல் வேனும் சுற்றிக்கொண்டு போயிருக்கின்றன. வேனில் கல்யாணச் சாம்பார் இருந்ததாகவும் ஆறிவிட்டதாகவும் தெரிகிறது.

சென்னை மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் லஸ் முனை வரை வண்டிகள் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு சிறு குழந்தையின் தலை வகிடு முடிவு செய்துவருகிறது. சுரங்க ரயில் வேலைக்காகச் சாலையில் வைத்திருக்கும் தடுப்புகள் காலையில் தலை வாரி முடித்த கால் மணி நேரத்துக்குள் வகிட்டின் வாக்கில் இடம் மாறி நிற்கும். அவற்றை யாரும் தள்ளிப் பார்த்ததில்லை. முதலில் நம்பாதவர்கள் கூட இப்போது வீட்டைவிட்டுக் கிளம்பும்முன் விசாரித்துக்கொள்கிறார்கள், மழை வருமா என்று விசாரிப்பது போல.

இது தொடங்கியது 2024 ஜூனில். மந்தைவெளியில், இதை எழுதுபவர் குடியிருக்கும் கட்டடத்தின் முதல் மாடியில் மஹதி இருக்கிறார். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. அவருடைய மகள் ஷ்ரேயாவுக்கு அப்போது ஒன்றரை வயது. சுருட்டை முடி நெற்றியில் விழுந்து கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது. மஹதி கிளிப் வாங்கினார், குழந்தை அதைத் தின்னப் பார்த்தது. ஹேர்பேண்ட் வாங்கினார், அது பால்கனி வழியாகக் கீழ்வீட்டுத் துளசி மாடத்தில் விழுந்தது. சீப்பைக் கண்டாலே ஷ்ரேயா போடும் கூச்சல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை கேட்கும். அவளுக்குத் தலை வார முடிந்த ஒரே ஆள், அவளைப் பார்த்துக்கொள்ள வரும் பொன்மணி. பொன்மணி ஒரு எவர்சில்வர் டம்ளரைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுவார். குழந்தை அதில் உப்பித் தெரியும் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் தொட்ட விரல்களால் வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுப்பார். பிறகு சீப்பின் ஓரத்தால் ஒரே இழுப்பு, வகிடு விழுந்துவிடும்.

பொன்மணியின் வீடு முன்பு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தது. அங்கிருந்து வேலைக்கு நடந்தே வந்துவிடுவார். அந்தக் குடிசைகளை எடுத்துப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி கொடுத்த பிறகு இரண்டு பஸ். ஏழரைக்கு மந்தைவெளியில் இருக்க விடியுமுன் கிளம்ப வேண்டும். மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் எப்போது போய்ச் சேருவார் என்பது சாலையைப் பொறுத்தது. அவருக்கும் ஒரு மகள் உண்டு, செண்பகம், அப்போது இரண்டரை வயது. பகலில் எதிர்வீட்டு அஃப்சருன்னிசா பார்த்துக்கொள்வார். செண்பகம் ஏழரைக்கெல்லாம் தூங்கிவிடுவாள். ஆகவே பொன்மணி தன் மகளைத் திங்கள் முதல் சனி வரை பெரும்பாலும் தூங்கும் நிலையில்தான் பார்த்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றி, முடியைக் காய விரித்துவிடுவதோடு சரி.

வகிட்டின் குணத்தை முதலில் கண்டுகொண்டவர் பொன்மணிதான். நடு வகிடு எடுத்த நாளில் பஸ் நேராகப் போனது. ஆனால் மஹதிக்குப் பக்க வகிடுதான் பிடித்திருந்தது.

“எத்தனை தடவை சொல்றது பொன்மணி? நடு வகிடு எடுத்தா அரங்கேற்றத்துக்குக் கிளம்பற மாதிரி இருக்கா.”

“இன்னாக்கா நீ, சைடுல எடுத்தா பஸ்ஸு தேனாம்பேட்டையச் சுத்திக்கினு போவுது. நான் போறதுக்குள்ள என் பொண்ணு தூங்கிப்பூடுது.”

“வகிடுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?”

“நாளைக்கு நீ சொன்ன மாரியே எடுக்கறேன். நீயே பாரு.”

மறுநாள் மயிலாப்பூரின் வண்டிகள் அத்தனையும் தேனாம்பேட்டைக்கு வந்துவிட்டதால், மஹதி அலுவலகம் போய்ச் சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அன்றிலிருந்து வேலை நாட்களில் நடு வகிடு, விசேஷ நாட்களில் பக்க வகிடு என்று வீட்டில் உடன்பாடு ஏற்பட்டது. பொன்மணி ஆறே முக்காலுக்கு வீடு சேர்ந்தார். செண்பகம் விழித்திருந்தாள்.

இந்தப் பதிவேடு தொடங்கியது அதற்குப் பிறகுதான். எழுதுபவருக்குத் தேனாம்பேட்டையில் மாலை ஆறரைக்குச் சுருக்கெழுத்து வகுப்பு. நேரத்துக்குப் போக வேண்டிய கவலையில் தேதி, வகிடு, பயண நேரம் என்று கட்டம் போட்டு எழுதத் தொடங்கினார். சில குறிப்புகளை மூன்று முறை சரிபார்த்தும் நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் அவை நடந்தவை. ஒரு பிறந்தநாளுக்காக மஹதி போனில் படம் காட்டி வளைந்து வளைந்து போகும் வகிடு எடுக்கச் சொன்ன அன்று, மந்தைவெளியில் கிளம்பிய பஸ் தி.நகர் போய், அடையாறு வந்து, மறுபடி தி.நகர் போனது. பயணிகள் சிலர் முதல் முறை வாங்கிய புடவையை இரண்டாம் முறை மாற்றிக்கொண்டார்கள். உச்சியில் ரப்பர் பேண்ட் போட்டுத் தென்னை மரம் கட்டிய அன்று நான்கு திசை வண்டிகளும் லஸ் முனையில் ஒன்றுகூடி நின்றன. மதியம் ஒன்று பத்துக்கு ஷ்ரேயா தூக்கத்தில் ரப்பர் பேண்டைப் பிடுங்கி எறிந்ததும்தான் கலைந்தன.

செய்தி பரவியது. போக்குவரத்து உதவி ஆய்வாளர் வலியுல்லா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். நாளைக்குப் பெரிய முகூர்த்தம், ஏழு மண்டபத்தில் கல்யாணம், பாப்பாவுக்கு நேர் வகிடாக எடுத்துவிட்டால் உதவியாக இருக்கும் என்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராமானுஜம், ஷ்ரேயாவுக்குச் சளி பிடித்தால் கூட்டத்தில் பேசப்பட வேண்டும் என்று தீர்மானம் போட்டார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து பொம்மை வந்தது. பொன்மணி வந்த பொம்மைகளைத் துடைத்து அடுக்கினார்.

2025 ஜனவரியில் மஹதி, குழந்தைக்கு மொட்டை போடப்போவதாகச் சொன்னார். மூன்றாம் வயது முடிவதற்குள் போடுவதாக வேண்டுதல். சங்கம் அவசரமாகக் கூடியது.

“ரயில் வேலை முடியற வரைக்கும் தள்ளிப்போட முடியாதா மேடம்?” என்றார் வலியுல்லா.

“எங்காத்துல வேண்டிண்டாச்சு சார். சுவாமிகிட்ட டைவர்ஷன் சொல்ல முடியுமா?”

பொன்மணியை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அவர் மறுநாள் பால் காய்ச்சும்போது தானாகக் கேட்டார். “கொஞ்ச நாள் பொறுத்துப் போடலாமாக்கா?” மஹதி, நீயுமா என்று சிரித்துவிட்டு, ஒரு நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னார்: மொட்டைத் தலைக்கு வார என்ன இருக்கிறது, இனி ஏழரைக்கு ஓடி வர வேண்டாம், ஒன்பதுக்கு வந்தால் போதும், அதற்குப் பதில் மாலையில் ஆறரை வரை இருந்துவிட்டால் போதும். பொன்மணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஆறரைக்குக் கிளம்பி, வகிடில்லாத சாலையில் போனால், செண்பகம் விழித்திருக்கும் முகத்தை இனி ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். அடுப்பில் பால் பொங்கியது. அவர் அதைத் துடைத்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு, மொட்டை போடப்பட்டது. திங்களன்று வலியுல்லா ஆறு காவலர்களைக் கூடுதலாக நிறுத்தினார். அவர்களுக்கு வேலை இல்லை. சாலை மந்தைவெளியிலிருந்து லஸ் வரை நூல் பிடித்தாற்போலத் திறந்து கிடந்தது. பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பிய பொன்மணிக்கு வழியெல்லாம் பச்சை விளக்கு. எட்டரைக்கே வந்துவிட்டு, ஒன்பது மணி ஆகவில்லையே என்று வாசலில் காத்திருந்தார். மொட்டை என்பது தலை முழுவதும் வகிடு என்று ராமானுஜம் விளக்கினார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது, இந்தப் பதிவேட்டிலும் அப்படியே ஏறியது. சங்கத்தின் சார்பில் ஷ்ரேயாவுக்கு ஒரு கவுன் கொடுக்கப்பட்டது.

பன்னிரண்டாம் நாள் தடுப்புகள் திடீரென்று வலப்பக்கம் மாறின. ஷ்ரேயாவின் தலையில் சந்தனத்தைத் தவிர எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்று வந்த பொன்மணியிடம் படிக்கட்டில் விசாரித்தபோது, வேறு எதையோ சொல்வதுபோல் சொன்னார்.

“இன்னிக்குன்னு பாத்து என் பொண்ணு ஒரே அடம்பா. நேரா எடுக்க வுடல. ஒரு சைடா இஸ்து கட்டிட்டு ஓடியாந்தேன்.”

பதிவேட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஷ்ரேயாவின் கூச்சலுக்கு நடுவே மஹதி தானே எப்படியோ தலை வாரிய ஞாயிற்றுக்கிழமைகளில் தடுப்புகள் ஒருமுறைகூட அசைந்ததில்லை. விடுமுறை, வண்டி குறைவு என்று எழுதித் தள்ளியிருந்தது. தலை முக்கியமே இல்லை. பொன்மணி காலையில் முதலில் வாரும் தலை எதுவோ, அதன் வகிடுதான் சாலை. மொட்டைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் மிச்சமானதால், தன் மகளுக்குத் தானே தலை வாரிவிட்டுக் கிளம்பத் தொடங்கியிருந்தார். அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொன்னதும் ராமானுஜம் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, “அப்போ கவுன் தப்பான ஆத்துக்குப் போயிருக்கு” என்றார்.

ஜூலைக்குள் ஷ்ரேயாவுக்கு மறுபடி சீப்பு நிற்கும் அளவுக்கு முடி வளர்ந்தது. பழையபடி ஏழரைக்கு வரலாமே என்று மஹதி கேட்டார். மயிலாப்பூர் சாலையை மயிலாப்பூர்ப் பக்கத்தில் வைத்துத் தீர்மானிப்பதுதான் முறை என்று சங்கமும் கருதியது. ராமானுஜமும் வலியுல்லாவும் வாசல் கதவருகே பொன்மணியை நிறுத்திப் பேசினார்கள்.

“பாப்பா தலைய வாராம வுட மாட்டேன் சார். ஒம்போது மணிக்கு வந்து வாரிடறேன். ஆனா என் பொண்ணு தலைய வாரிட்டுத்தான் வருவேன். மொதல்ல வார்ற தலைதான் ரோட்டுக்குன்னு நீங்கதான சொல்றீங்கோ, நான் இன்னா பண்றது?”

“அதுக்கில்லம்மா. பெரும்பாக்கத்துலேர்ந்துண்டு மயிலாப்பூருக்கு வழி சொல்றதுன்னா...” என்று இழுத்தார் ராமானுஜம்.

“நாங்க இங்கேர்ந்துதான சார் அங்க போனோம். வழி தெரியும்.”

வலியுல்லா தொப்பியைப் போட்டுக்கொண்டார். வழி தெரிந்தவர் சொன்னால் சரிதான் என்றார். மஹதி ஒன்பது மணிக்கு ஒப்புக்கொண்டார். வேறு யாரிடமும் ஷ்ரேயா தலையைக் கொடுப்பதில்லை.

அதற்குப் பிறகு சொல்லும்படியான தகராறு எதுவும் இல்லை. பொன்மணி ஆறரைக்குக் கிளம்புகிறார், வழியெல்லாம் பச்சை விளக்கு, ஏழேகாலுக்குப் பெரும்பாக்கத்தில் இருக்கிறார். ரிப்பன் அவிழ்ந்த தலையோடு செண்பகம் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். காலை ஏழு மணிக்கு அஃப்சருன்னிசா தன் போனில் செண்பகத்தின் தலையைப் படம் எடுத்து அனுப்புகிறார். இதை எழுதுபவர் அதைப் பார்த்து எழுதிக் கட்டடத்தின் வாசல் கதவில் ஒட்டுகிறார். போகிறவர்கள் நின்று படித்துவிட்டு வண்டியைத் திருப்புகிறார்கள். சென்ற வாரம் ஒருவர், நீங்கள் ஒட்டும் தாள் சிறியதாக இருக்கிறது என்று குறை சொன்னார். மற்றபடி புகார் இல்லை.

வெள்ளிக்கிழமை சுதந்திர தின விழாவுக்காக நாளை அங்கன்வாடியில் ஒத்திகையாம். செண்பகத்துக்கு முதல் முறையாக ரெட்டைச் சடை. நாளை காலை ஏழேகாலுக்குள் பெரிய தாளில் ‘இருவழி’ என்று எழுதி ஒட்ட வேண்டும்.