ரெண்டும் காலி

ரயில் தண்டவாளத்தில் எங்கள் ஆட்கள் வேலை செய்யும்போது, வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. நான் விசில் அடித்தால் எல்லோரும் ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். எனக்கு முன்பிருந்தவர், வண்டி தாண்டியதும் "போச்சு" என்பார். உடனே இறங்கிவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. போனது ஒரு வண்டிதானே? பக்கத்துப் பாதையில் எதிரே இன்னொன்று வந்தால், போகிற வண்டி அதை மறைத்துவிடும்.

அதனால் இரண்டு பாதையையும் பார்த்துவிட்டு நான் "ரெண்டும் காலி" என்று சொன்ன பிறகுதான் யாரும் அசையலாம் என்று வைத்தேன். கேலிக்குக் கேட்க வேண்டுமா? சாப்பிட்டு முடித்ததும் டிபன் டப்பாவின் இரண்டு அடுக்கையும் கவிழ்த்துக் காட்டி "ரெண்டும் காலி" என்பார்கள். அதில் என் வீட்டுக்காரர் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். பெண்டாட்டி நிற்கச் சொல்லி நிற்பது கடப்பாரை பிடிக்கிற அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

ஒவ்வொரு வண்டிக்கும் இப்படிக் காத்து நின்றதில் வேலை இழுத்துக்கொண்டே போனது. சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் விசிலை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மேஸ்திரி வரவில்லை. அன்று வேலை, எங்களுக்கு அப்பால் இருந்த இரண்டாவது பாதையில். முன்னால் இருந்த பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போனது. கடைசிப் பெட்டி தாண்டியதுமே என் வீட்டுக்காரர் அப்பால் போக அடியெடுத்து வைத்தார். எதிர்ப்பக்கம் எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பழக்க தோஷம், அவர் கால் நின்றுவிட்டது. "என்ன, நாக்கை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்று என் பக்கம் திரும்பினார். அவர் கேட்டு முடிப்பதற்குள், போக இருந்த பாதையில் எக்ஸ்பிரஸ் ஒன்று அவர் சட்டை படபடக்கப் பறந்தது.

மேஸ்திரியிடம் மூச்சு விடாதே என்றார் என் வீட்டுக்காரர். சொன்னால் அவர் வேலைக்கே உலை வைத்துவிடும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

சனிக்கிழமை, இன்னும் அரை நாள் வேலை பாக்கி. மேஸ்திரி விசிலுக்குக் கை நீட்டினார். கழுத்திலிருந்து கழற்றப் போனேன். என் வீட்டுக்காரர் நடுவில் வந்து நின்று, வியாழக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"வீட்டுல இவ பேசினா நான் கேட்டதே இல்லைங்க. அன்னிக்கு இவ பேசாம இருந்ததைக் கேட்டேன். அதனாலதான் உங்க முன்னாடி நிக்கிறேன்."

மேஸ்திரி கையை மடக்கிக்கொண்டார். பாக்கியைத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.