ஒரே ஆள், இரண்டு நாற்காலி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. குடிநீர் இணைப்புக்காக நகராட்சிக்குப் போனேன். "தலைவர் சட்டசபைக்குப் போயிருக்கார்" என்றார்கள். சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன். "நகராட்சில இருப்பார்" என்றார்கள். இரண்டும் ஒரே ஆள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் வரி: 'இரண்டு தோணியில் கால் வைத்தவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர்—'

(அடித்துவிட்டேன். பழமொழியே தீர்ப்பைச் சொல்லிவிட்டால் கதைக்கு என்ன வேலை?)

அடுத்து, அவர் லஞ்சம் வாங்குவதாக ஒரு பத்தி. அதற்கு நகராட்சித் துணைத் தலைவர் ஒப்பவில்லை. மருந்துக்கடை வைத்திருப்பவர், ஊருக்கே மருந்துக்கடை அக்கா.* "ஆளு நல்லவருங்க. என்ன, இங்க இருக்கறதில்ல, அவ்வளவுதான். நம்மூரு ஆஸ்பத்திரில பிரசவ வார்டை அரசாங்கம் மூடப் பார்த்தப்ப, காலைல இங்க தீர்மானம் போட்டாரு, சாயங்காலமே சபையில எந்திரிச்சு சண்டை போட்டாரு. வார்டு தப்பிச்சுது."

சரி, பத்தி போயிற்று.

* நானே உண்டாக்கிய ஆள்தான். ஆனாலும் என்னை மிரட்டுகிறார்.

3

ஒருநாள் நகராட்சிக் கூட்டத்துக்கு அதிசயமாகத் தலைவரே வந்து பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். கவுன்சிலர்களோ பழக்க தோஷத்தில் பக்கத்தில் இருந்த அக்காவின் நாற்காலியைப் பார்த்தே பேசினார்கள்.

"அக்கா, எங்க தெரு சாக்கடை என்னாச்சு?"

"அக்கா, லைட்டு இன்னும் எரியல."

"யோவ், நான் இங்கதான்யா இருக்கேன்!" என்று தலைவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் அக்காவை நிறுத்தினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஒருத்தருக்கு ஒரு பதவிதான்னு நாளைக்கு சபையில சட்டம் வருதுக்கா. வந்தா இதை விட்டுட்டு நான் அங்க போயிடுவேன், தலைவர் நீங்கதான். நான் எந்தப் பக்கம் ஓட்டு போடறது?"

அக்காவுக்கு அந்த நாற்காலிமேல் ஆசை. இல்லை என்று எழுதினால் நான் பொய்யன். வேலை முழுக்க அவருடையது, பெயர் மட்டும் இன்னொருவருக்கு. எத்தனை நாள் பொறுப்பது? ஆனால் ஒரு பயமும் இருந்தது.

"ரெண்டையும் ஒருத்தரே வச்சுக்கறது தப்புதான் தம்பி. ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு பிரசவ வார்டுக்காக எம்.எல்.ஏ.வான உங்ககிட்ட கேட்டது தலைவரான நீங்களேதான், அதான் ஓடுனீங்க. நாளைக்கு இங்க உக்காந்து நான் கேட்டா, அதே வேகத்துல எந்திரிப்பீங்களா?"

4

தலைவரின் பதில்:

(அ) "என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? கண்டிப்பா!" — நாக்கில் தயாராக இருந்த பதில். நம்ப முடியவில்லை.

(ஆ) "அது... சூழ்நிலையைப் பொறுத்து..." — உண்மை. இதைச் சொல்லக்கூடியவர்தானா என்பதுதான் சந்தேகம்.

(இ) அவர் எழுந்து கதவருகே போய்,

இங்கே பேனாவை மூடுகிறேன். முடிக்கத் தெரியாமல் இல்லை. ஒரே வரியில் அக்காவைப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். ஆனால் கதை சொல்வது ஒரு பதவி, தீர்ப்புச் சொல்வது இன்னொரு பதவி. இரண்டையும் நானே வைத்துக்கொண்டு தலைவரை எந்த முகத்தோடு கேள்வி கேட்பேன்?

தீர்ப்புச் சொல்லும் பதவியை ராஜினாமா செய்கிறேன். அக்கா இன்னும் பதிலுக்காக நிற்கிறார். உங்களைப் பார்த்துத்தான்.