ரெண்டு ஜெனரலும் ஒரு சோளக் கல்லறையும்

என் புருஷன் லொரென்சோவுக்கும் நாவிதன் குஸ்தோதியோவுக்கும் அந்த வருஷம் முழுக்க ஒரே சண்டை. எங்களக் காக்க வந்த இங்கிலீஷ் ஜெனரல் பெரிய ஆளா, எங்க மேல படையெடுத்த பிரெஞ்சு மார்ஷல் பெரிய ஆளா? ரெண்டு பேரும் ஆயுசுல ஒரு கோழியைக்கூட ஒழுங்கா விரட்டிப் பிடிச்சதில்ல. ஆனா எங்க மதுக்கடை மேஜைல ஆலிவ் கொட்டைய வரிசையா வச்சு, இது குதிரைப்படை, இது பீரங்கின்னு நகத்திக்கிட்டே இருப்பானுங்க. கடைசில மேஜையத் துடைக்கிறவ நான்தான்.

"பிரெஞ்சுக்காரன் சிங்கம்டா. எதிர்ல மலை இருக்கா, மேடு இருக்கான்னு பாக்கமாட்டான், நேரா ஏறுவான்" என்பான் குஸ்தோதியோ. முந்தின படையெடுப்புல பிரெஞ்சு அதிகாரிங்களுக்கு சவரம் பண்ணிவிட்டவன் அவன். அந்தப் பெருமை இன்னும் அடங்கல.

"புசாக்கோ மலைல ஏறித்தானே பாத்தான்? உருண்டு விழுந்தானுங்க" என்பார் இவர்.

"ஜெயிச்ச உங்காளு ஏன்டா மறுநாளே பின்னால ஓடினான்? ஜெயிச்சவன் ஓடுவானா?"

"ஓடல, முட்டாப்பயலே. இழுத்துட்டுப் போறான். லிஸ்பனுக்கு முன்னால மலை பூரா கோட்டை கட்டி வச்சிருக்கான். முதுகுப் பக்கம் கடல். கப்பல்ல ரொட்டி வரும். இவன் சாப்பிட்டுக்கிட்டே உக்காந்திருப்பான், அவன் வெளில பட்டினி கிடப்பான். மூளைடா, மூளை!"

"அவன் பட்டினி கிடக்கப்போற இடம் எது?" என்று கேட்டேன் நான்.

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. சாந்தரெமுக்கு வடக்கே, தேஜோ ஆத்தோரம், எங்க ஊர்தான் அந்த இடம்.

அக்டோபர்ல இங்கிலீஷ் ஜெனரலோட உத்தரவு வந்துச்சு. மாவு மில்லை உடைக்கணும், களஞ்சியத்தைக் கொளுத்தணும், ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு எல்லாரும் லிஸ்பன் பக்கம் போயிடணும். பிரெஞ்சுக்காரன் வாய்க்கு ஒரு மணி சோளம் கிடைக்கக் கூடாதாம். மழைல ஊரே கிளம்பிப் போச்சு, சாமியார் உட்பட. எங்களால முடியல. என் மக எங்க்ராசியாவுக்கு நாலு வயசு, உடம்பு அனலாக் கொதிச்சுக்கிட்டு இருந்தா. அந்த மழைல அவளத் தூக்கிட்டுப் போனா, பாதி வழியிலேயே புதைச்சிட்டுப் போகணும். நடக்கமுடியாத கிழடுகட்டைங்க கொஞ்சம் பேர் தங்கினாங்க. என் ஓரகத்தி ரொசாலினாவும் போகல. என் கொழுந்தன் பெர்னார்தினோ நாட்டுப்படையில சேந்து மலைக்குள்ள இருந்தான். "திரும்பி வந்தா இங்கதான் வருவார்" என்று பிடிவாதமா உக்காந்துட்டா. குஸ்தோதியோவும் போகல. பிரெஞ்சுக்காரங்க கண்ணியமானவங்களாம்.

எங்ககிட்ட இருந்த சோளத்தைக் கொளுத்த எனக்கு மனசு வரல. அந்தக் குளிர்காலம் முழுக்க என் பிள்ளை வயித்துக்கு அதுதான். எங்க ஒளிச்சு வைக்கிறது? பிரெஞ்சு சிப்பாய் சுவத்தைத் தட்டிப் பாப்பான். தரையில தண்ணி ஊத்துவான், சட்டுனு உறிஞ்சுற இடத்தைத் தோண்டுவான். அப்பதான் என் புருஷனுக்கு யோசனை வந்துச்சு. கோவில் முத்தத்துக் கல்லறைங்களுக்கு நடுவுல குழி வெட்டி, மூட்டைங்களை இறக்கி, மண்ணை மேடா குவிச்சோம். மேல ஒரு மரச்சிலுவை.

"இதுக்குப் பேர்தான் போர்த்தந்திரம்" என்றார், மண்வெட்டில சாஞ்சு நின்னுக்கிட்டு. குஸ்தோதியோகூட ஒத்துக்கிட்டான்.

சிலுவையில ஒரு பேர் வேணுமே? கண்ணுக்குத் தட்டுப்படாத ஆளோட பேர்தான் சரி. பெர்னார்தினோ பேரை எழுதினோம். ரொசாலினா அழுதா, ஆனா மறுக்கல. "வெறும் பேர்தானேக்கா, எழுதிக்கட்டும்" என்றா.

பிரெஞ்சுக்காரங்க வந்தாங்க. கோழி, பன்னி, கடை மது, கதவு, ஜன்னல் எல்லாம் போச்சு. கண்ணியமானவங்க குஸ்தோதியோவோட பூட்ஸைக் கழட்டிக்கிட்டுப் போனாங்க. வெறுங்காலோட நின்னவனைப் பாத்து என் புருஷன், "சிங்கத்துக்கு உன் பூட்ஸ் சரியா இருக்குதா?" என்று கேட்டார். அந்த நிலைமையிலயும் சிரிச்சோம்.

கல்லறையை எவனும் தொடல. மழை கொட்டுற சாயங்காலங்கள்ல இவர் போய் தொப்பி நிறைய சோளம் அள்ளிட்டு வருவார். மில் உடைஞ்சு கிடந்ததால நான் உரல்ல இடிச்சு, சாம்பல்ல ரொட்டி சுடுவேன். எங்க்ராசியா காய்ச்சல் விட்டு எழுந்தா. "அம்மா, இன்னொரு துண்டு" என்று கேக்கத் தொடங்கினா. அதைக் கேக்க எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா!

நவம்பர் ரெண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். பட்டாளம் வந்தாலும் பட்டினி வந்தாலும் செத்தவங்களுக்கு விளக்கு வைக்காம எங்க பக்கத்துல யாரும் இருக்கமாட்டாங்க. தங்கள் வாயில போகவேண்டிய கடைசிச் சொட்டு ஆலிவ் எண்ணெயை வழிச்சு எடுத்துக்கிட்டுக் கிழவிங்க வந்துட்டாங்க. நான் எங்கம்மா கல்லறையில ஒண்ணு ஏத்திட்டு ரொசாலினாகிட்ட போனேன்.

"அங்கயும் ஒண்ணு வைடி."

"மாட்டேன்."

"பைத்தியமா நீ? புதுக் கல்லறை, விளக்கில்லாம கிடந்தா கண்ணை உறுத்தாதா?"

"உயிரோட இருக்கிற மனுஷனுக்கு இன்னிக்கு விளக்கு வச்சா, ஆத்துமா தன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு கிளம்பி வந்துடும். உங்களுக்குத் தெரியாதாக்கா? அடுத்த வருஷத் திருநாளுக்குள்ள அவர் போயிடுவார்."

தெரியும். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனா எனக்குப் பிள்ளை இருந்துச்சு.

பேசிக்கிட்டு இருக்கிறப்பவே, ஊர்ல தங்கியிருந்த பிரெஞ்சு சார்ஜண்ட் லெ கோஃப் உள்ளே வந்தான். பிரான்ஸ் மேற்குக் கரையோரத்து பிரெத்தோன் ஆளு, எங்கள மாதிரியே சாமி பக்தி உள்ளவன். தொப்பியக் கழட்டி, சிலுவை போட்டு, ஒவ்வொரு விளக்கா பாத்துக்கிட்டே வந்தான். "எங்க அம்மாவும் இன்னிக்கு வைப்பா" என்றான், உடைஞ்ச போர்த்துகீஸ்ல. கண்ணு கலங்கியிருந்துச்சு. அப்புறம் அந்த மேட்டுக்கிட்ட வந்து நின்னான்.

"இது யாரு?"

"என் வீட்டுக்காரர்" என்றா ரொசாலினா.

"விளக்கு?"

"எண்ணெய் இல்ல."

"அம்பது வருஷம் முன்னாடி செத்தவனுக்கெல்லாம் எண்ணெய் இருக்கு. நேத்து செத்த உன் புருஷனுக்கு இல்லையா?"

நான் ஓடிப்போய் எங்கம்மா விளக்கை எடுத்துட்டு வந்து அந்த மேட்டு மேல வச்சேன். வச்ச கையை எடுக்கல, ரொசாலினா பாஞ்சு வந்து அதைத் தட்டிவிட்டா. விளக்கு உருண்டு அணைஞ்சது. அவ ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா.

சார்ஜண்ட் கொஞ்ச நேரம் அவளையே பாத்தான். அப்புறம் தொப்பியப் போட்டுக்கிட்டு ஆளுங்களைக் கூப்பிட்டான். துப்பாக்கில மருந்து இடிக்கிற இரும்புக் கம்பியை மண்ணுல இறக்கினாங்க. மேல வந்த கம்பி நுனியில சோள மணி ஒட்டியிருந்துச்சு.

நான் அவன் கால்ல விழுந்தேன். ஒரு மூட்டையாவது விடுங்க, குழந்தை இருக்குன்னு கெஞ்சினேன். அவனும் எலும்பும் தோலுமாத்தான் இருந்தான். "எங்க மார்ஷல் எங்களுக்கு ரொட்டி குடுக்கிறதில்ல, அம்மா. வழியில தேடித் தின்னுன்னு விட்டுட்டான்" என்றான். எல்லா மூட்டையும் போச்சு. அவங்க போனதும் மண்ணுல சிந்தின மணிகளைப் பொறுக்கினேன். ரொசாலினாவும் கூட வந்து பொறுக்கினா. நான் அவ கையைத் தட்டிவிட்டேன்.

அதுக்கப்புறம் ஓக் கொட்டை, திராட்சைக் கொடி, புல்லு. என் புருஷனும் குஸ்தோதியோவும் ஜெனரல்களைப் பத்திப் பேசறதை விட்டாங்க. எங்க்ராசியா ரொட்டி கேக்கறதை விட்டா, பிறகு எதுவுமே கேக்கல. தவக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு மத்தியானம், என் மடியிலயே போயிட்டா. பாவி நான், தூங்கறான்னு நினைச்சுத் தட்டிக்குடுத்துக்கிட்டு இருந்தேன்.

மார்ச்ல பிரெஞ்சுக்காரங்க போனாங்க, இங்கிலீஷ்காரங்க வந்தாங்க. அவங்களுக்கு வழிகாட்டியா, அவங்க பேச்சை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்றவனா, பெர்னார்தினோ வந்தான். கன்னம் உப்பி, நல்லா இருந்தான். ரொசாலினா அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு, தோளுக்கு மேல என்னைப் பாத்தா. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

குதிரைமேல இருந்த கேப்டன், வழியோரம் கிடந்த பிரெஞ்சுப் பிணங்களைக் காட்டி ரொம்ப உற்சாகமாப் பேசினான்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டேன்.

பெர்னார்தினோ தயங்கினான். "எங்க ஜெனரலைப் பாத்தீங்களா, ஒரு பெரிய சண்டைகூடப் போடாம இத்தனை ஆயிரம் பேரை ஜெயிச்சுட்டார், மார்ஷல் அவர்கிட்ட சின்னப் பையன்னு சொல்றார், அண்ணி."

என் புருஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நான் பெர்னார்தினோ பக்கம் திரும்பினேன்.

"சொல்லு அவன்கிட்ட. என் பொண்ணையும் அதுல சேத்துக்கச் சொல்லு. எங்க்ராசியா. நாலு வயசு. அவளையும் அவன் ஜெனரல்தான் ஜெயிச்சார். சொல்லு, தம்பி."

பெர்னார்தினோவுக்கு முகம் வெளுத்துப்போச்சு. அவ செத்தது அவனுக்கு அப்பதான் தெரியும். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கேப்டன் பொறுமையில்லாம, நான் என்ன சொல்றேன்னு சாடையில கேட்டான்.

பெர்னார்தினோ கேப்டன் பக்கம் திரும்பி மெதுவா ஏதோ சொன்னான். இங்கிலீஷ்ல ரெண்டே ரெண்டு வார்த்தை. முந்தின கோடையில எங்க கடைக்கு வந்த இங்கிலீஷ் சிப்பாய்ங்க, ஒவ்வொரு கோப்பை வாங்கும்போதும் என்கிட்ட சொன்னது அது. நன்றி.

கேப்டன் எனக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை பண்ணிட்டு, குதிரையைத் தட்டிவிட்டான்.